முழங்கால் வரை

மலையிலிருந்து திரும்பிய ஒன்பதாம் நாள்
கீழ்வீட்டு எமிலியான் கேட்டான்:
"பனின்னா எப்டிக்கா இருக்கும், மெய்யாலுமே?"

இருபத்திரண்டு வருடமாய்க்
காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் கட்டை தள்ளுகிறவன்.
விரல் நுனிகளில் ரேகை இல்லை.
ரேஷன் கடை எந்திரம்
மாதாமாதம் அவனை யாரென்று கேட்கும்.
அவனுக்கு நான் பனியைச் சொல்ல வேண்டும்.

ஐஸ் மாதிரியா என்றான். இல்லை.
பஞ்சு? இல்லை.
ரவை? கொஞ்சம்.
உப்பளம் பார்த்திருக்கிறாயா,
அதில் வெயிலைக் கழித்துவிட்டுப் பார் என்றேன்.
கண்ணை மூடிக் கழித்துப் பார்த்தான்.
ஒன்றும் மிஞ்சவில்லை போல.

மார்கழியின் கடைசி ஞாயிறு,
விடிய ஒரு மணி நேரம் இருந்தது.
ஸ்டெல்லா பிளாஸ்கில் சுக்குக் காப்பி ஊற்றி
"இன்னா, ரெண்டு பேரும் இமயமலைக்கா?" என்று
கதவைச் சாத்திக்கொண்டாள்.
அவன் டிவிஎஸ்ஸில் எண்ணூர் போனோம்.
வழி நெடுக கன்டெய்னர் லாரிகள்
முகப்பு விளக்கோடு தூங்கிக்கொண்டிருந்தன.
அனல் மின் நிலையத்து ஆவி எது,
ஆற்றிலிருந்து ஏறும் மூடுபனி எது,
பிரித்துச் சொல்ல வானத்தாலும் ஆகவில்லை.

குழாய் உடைந்து வழிந்து
காய்ந்து கிடந்த சாம்பல் வெளி.
மேலே பால் ஏடு போல் ஒரு பொருக்கு.
கால் வைத்தால் ஒரு கணம் தாங்கும்,
யோசிக்கும்,
பிறகு முழங்கால் வரை வாங்கிக்கொள்ளும்.

"இதான்" என்றேன். "இதேதான். சத்தங்கூட இதேதான்."

முன்னால் போகிறவள் வைத்த குழியிலேயே கால் வை,
அவசரப்படாதே, மூச்சை எண்ணு.
அங்கே தேவேந்தர் எனக்குச் சொன்னதையெல்லாம்
இங்கே அவனுக்குச் சொன்னேன்.
சொல்லச் சொல்ல
மலையேறத் தெரிந்தவள் மாதிரியே இருந்தது என் குரல்.

பாதி தூரத்தில் மேகம் வந்தது.
புகைபோக்கியின் சிவப்பு விளக்குகளில்
மேலிருந்தவை போயின,
ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் நின்றது,
பிறகு அதுவும் இல்லை.
எமிலியானும் இல்லை, அவன் இருமல் மட்டும்.

முகம் தெரியாத அந்த வெள்ளையில் சொன்னேன்:
"நான் உச்சிக்குப் போகல எமிலு."
ஆபீசில் கேக் வெட்டிய போட்டோ
கீழ் முகாமில் எடுத்தது.
மேகம் இறங்கியது, திரும்பினோம், அதுவரை உண்மை.
மறுநாள் மேகம் விலகி எல்லோரும் போனார்கள்.
நான் கூடாரத்தில் படுத்து
வயிற்றுவலி என்றேன்.
வலி எதுவும் இல்லை.
ஜிப்பின் சின்ன இடைவெளி வழியே
அவர்கள் எறும்பாகும் வரை பார்த்தேன்.

அவன் பதில் சொல்லவில்லை.
குனிகிற சத்தம் கேட்டது.
ஒரு பிடி அள்ளியிருக்க வேண்டும்.
"ஜில்லுன்னே இல்லியேக்கா" என்றான்.
நான் சிரித்துவிட்டேன், சாம்பல் வாய்க்குள் போனது.

காப்பியை மூடியில் ஊற்றி நீட்டியபோதுதான் பேசினான்.
"லாரில ஏத்தசொல்ல கட்டை நழுவி
பாதியா உடையும்க்கா.
ஓனரு இன்னா சொல்வாரு?
உடைஞ்சதும் ஐஸ்தான்டா, கணக்குல சேருன்னுவாரு."

எந்த ஓனரும் அப்படிச் சொல்லியிருப்பார் என்று
எனக்குத் தோன்றவில்லை.
கூலியில் பிடித்திருப்பார்.
காப்பியைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால்
பனிக்கென்று வாங்கிய பூட்ஸ், தவணை இன்னும் நாலு பாக்கி,
நரைத்துப் போயிருந்தது.
பனியாக இருந்தால் இந்நேரம்
உருகி ஓடியிருக்கும், யாருக்கும் தெரியாது.
இது மூன்று மாடிப் படியிலும்
என் கால் அளவை எழுதிவைத்திருந்தது.

துடைப்பத்தோடு வெளியே வந்தாள் ஸ்டெல்லா.
"உச்சி வரைக்கும் போனீங்களா?"

எமிலியான் என்னைப் பார்க்கவில்லை.
பேன்ட்டை உதறிக்கொண்டே சொன்னான்,
"முழங்கால் வரைக்கும் போனோம்."